முன் சில்லைத் தூக்குவது பற்றி: பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து இஷாவுக்குப் பிறகாவது வாசியுங்கள். வீட்டில் மோட்டார் சைக்கிளும் ஆம்பிளைப் பிள்ளையும் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

பெருநாள் முடிந்ததிலிருந்து ஊரில் ஒரே பேச்சு, பீச் ரோட்டில் வீல் தூக்கும் பொடியன்மார் பற்றித்தான். வட்ஸ்அப் குழுக்களில் வீடியோ ஓடுகிறது. ஒரு குழுவில் "பைக்கைப் பறிமுதல் பண்ணுங்க" என்கிறார்கள். இன்னொரு குழுவில் அதே வீடியோவுக்கு நெருப்புப் படம் போட்டு "மாஷா அல்லாஹ், நம்மட ஊர்ப் பொடியன்" என்கிறார்கள். இரண்டு குழுவிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே ஆக்கள்தான்.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். வீல் தூக்கும் மாணவர்களின் பெயர்ப் பட்டியலைத் தாருங்கள், பொலிசுக்குக் கொடுப்போம் என்று. அந்தப் பட்டியல் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல், இந்த விசயம் என்ன, ஏன் பிள்ளைகளை இழுக்கிறது, எந்த இடத்தில் ஆளைக் கொல்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொள்வோம். விளங்காத ஒன்றைத் தடுக்க முடியாது. இருபது வருஷமாகப் பிள்ளைகளோடு இருப்பதில் நான் கண்டது அது.

எனக்கு இதைப் பற்றிக் கதைக்க ஒரு காரணம் இருக்கிறது. என்னிடம் படித்தவர்களுக்குக்கூட இது தெரியாது. கெம்பஸ் முடித்து ஆசிரியர் நியமனம் வரும் வரைக்கும் இரண்டு வருஷம் கட்டாரில் இருந்தேன். வேலை, சீலைனில் குவாட் பைக் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கொட்டிலில் உதவியாள். செயினுக்கு எண்ணெய் போடுவது, எயார் பில்டரில் மணல் தட்டுவது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது. பிறகு ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது.

சீலைன் என்பது டோஹாவுக்குத் தெற்கே, மிசைய்யீத் தாண்டி இருக்கும் கடற்கரை. அங்கிருந்து மணல் மலைகள் தொடங்கி கோர் அல் உதைத் வரை போகும். அங்கே கடல் பாலைவனத்துக்குள் வந்து படுத்திருக்கும். குளிர்காலத்தில் கட்டாரிகள் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்குவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்த ரோட்டில் தலை வைக்க இடமிருக்காது. குவாட் பைக்கை அங்கே "பத்தா" என்பார்கள். அரபியில் வாத்து. நாலு கொழுத்த சில்லோடு மணலில் அசைந்து போவதைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று விளங்கும். சவூதியில் இருந்து வந்தவர்களுக்கு "தப்பாப்" என்றால் தெரியும்.

நாலு சில்லு வருவதற்கு முதல் மூன்று சில்லில்தான் இந்த வண்டிகள் இருந்தன. 1970 இல் ஹொண்டா அமெரிக்காவில் முதலாவது மூன்று சில்லு வண்டியை விற்கத் தொடங்கியது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, எங்கட ஓட்டோ மாதிரி. பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருந்தாலும் திரும்பும்போது கவிழும், மேட்டில் ஏறும்போது முன் சில்லு எழும்பிப் பின்னால் விழும். பிள்ளைகள் நிறையப் பேர் செத்தார்கள், முடமானார்கள். 1988 இல் அமெரிக்க அரசாங்கத்தின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழுவோடு உடன்பாடு செய்து, கம்பனிகள் புதிய மூன்று சில்லு வண்டி விற்பதை அங்கே நிறுத்தின. அதற்குள் சுசுக்கி நாலு சில்லு வண்டியைக் கொண்டுவந்திருந்தது. 1985 இல் அதே கம்பனி ஓட்டப்பந்தயத்துக்கென்றே ஒரு குவாட்டையும் இறக்கியது. இன்று "ஸ்போர்ட் குவாட்" என்று சொல்வது அந்தப் பரம்பரைதான்.

ஸ்போர்ட் குவாட்டில் பின் அச்சு ஒரே கம்பி. இரண்டு பின் சில்லும் சேர்ந்துதான் சுத்தும். ரேஸ் கொடுப்பது பைக் மாதிரி கைப்பிடியை முறுக்கி இல்லை. வலது பெருவிரலால் ஒரு சின்ன நெம்பைத் தள்ள வேண்டும். பின் பிரேக் வலது காலடியில். டயரில் காற்று 4, 5 பிஎஸ்ஐ அளவில்தான். எங்கட பைக் டயரில் இருப்பதைவிட எவ்வளவோ குறைவு. இந்த நாலையும் மனதில் வைத்திருங்கள். பிறகு எங்கட ரோட்டைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

எங்கட கொட்டிலில் ஒரு 450 சிசி குவாட் இருந்தது. முதலாளியின் மகனுடையது, வாடகைக்குக் கொடுக்காதது. அதன் முன்பக்கம் பாரமானது. எஞ்சின் முன்னால் தள்ளி இருந்தது. மணல் மேட்டிலிருந்து பாய்ந்து விழுவதற்காக முன் சில்லுகளுக்கு நீளமான ஸ்பிரிங், அதற்கு மேல் இரும்பு பம்பர். மற்ற வண்டிகளில் கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் முன் சில்லு எழும்பும். இது எழும்பாது. பின் சில்லு மணலைத் தோண்டும், முன் சில்லு நிலத்தை விடாது.

அதில்தான் நான் வீல் தூக்கப் பழகினேன். பழக்கியவர் ஒரு நேபாளி மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஹிந்தியும் அரைகுறை அரபியும்தான். ஏன் இலேசான வண்டியில் பழக்காமல் இந்தக் கல்லில் பழக்குகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது: இலேசான வண்டி எழும்புவதைச் சொல்லித் தரும், இறங்குவதைச் சொல்லித் தராது. பாரமானது நீ பிழைவிட்டாலும் தானே இறங்கிவிடும்.

முதல் பதினொரு நாளும் ஒரு தடவைகூட முன் சில்லு எழும்பவில்லை. எழுப்ப அவர் விடவில்லை. அஸருக்குப் பிறகு வாடகை வண்டிகள் வந்து சேர்ந்ததும், கொட்டிலுக்குப் பின்னால் கடினமான மணல் தரையில் அரை மணித்தியாலம். இரண்டாவது கியரில் மெதுவாக ஓட வேண்டும். அவர் கை தட்டினால் வலது கால் பின் பிரேக்கில் விழ வேண்டும். தட்டுவார், மிதிப்பேன். தட்டுவார், மிதிப்பேன். யோசித்து மிதித்தால் தலையை ஆட்டுவார். யோசிக்காமல் மிதித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தஜ்வீத் படிக்கும்போது ஒரே எழுத்தை ஒரு கிழமை சொல்ல வைத்த எங்கட ஹஸ்ரத்தை நினைத்துக்கொள்வேன்.

ஏன் பிரேக் முதலில்? ஓ.எல். விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள்.

வண்டி முன்னுக்குப் பாயும்போது நிலம் பின் சில்லை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளு நில மட்டத்தில் விழுகிறது. வண்டியின் புவியீர்ப்பு மையம் அதற்கு மேலே இருக்கிறது. அதனால் அந்தத் தள்ளுக்கு ஒரு திருப்பம் உண்டு. அது முன்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். வண்டியின் நிறைக்கும் ஒரு திருப்பம் உண்டு. அது முன்பக்கத்தைக் கீழே அமுக்கும். எது பெரிதோ அது வெல்லும். பின் பிரேக் பிடித்தால் நிலத்தின் தள்ளு திசை மாறிப் பின்னோக்கி வரும், திருப்பமும் மாறி முன்பக்கம் இறங்கும். முன் சில்லு வானத்தில் இருக்கும்போது உங்களுக்கும் மௌத்துக்கும் இடையில் இருப்பது அந்தப் பின் பிரேக் ஒன்றுதான். முன் பிரேக் அந்த நேரம் வெறும் அலங்காரம்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். குவாட் 180 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ, மொத்தம் 250. இரண்டும் சேர்ந்த புவியீர்ப்பு மையம் பின் அச்சுக்கு 60 சென்ரிமீற்றர் முன்னால், நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் என்று வைப்போம். முன் சில்லு எழும்பத் தேவையான ஆர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலை 60 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் வரும். அதாவது முழுப் புவியீர்ப்பு ஆர்முடுகல், செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர். மணலில் டயருக்கு அவ்வளவு பிடி கிடையாது. எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சில்லு சுத்துமே தவிர வண்டி எழும்பாது.

இப்போது ஓட்டுபவர் 20 சென்ரிமீற்றர் பின்னுக்கும் 20 சென்ரிமீற்றர் மேலுக்கும் தன் உடம்பை மாற்றினால்? 70 ஐ 20 ஆல் பெருக்கி 250 ஆல் வகுத்தால் 5.6. மையம் அவ்வளவு பின்னுக்கும், அவ்வளவு மேலுக்கும் போகும். 54.4 ஐ 65.6 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.83. தேவையான ஆர்முடுகலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எஞ்சினில் கை வைக்கவில்லை, இருப்பை மாற்றியதுதான். முன்பக்கம் எவ்வளவு பாரமோ, அவ்வளவுக்கு ஓட்டுபவரின் உடம்பு பேச வேண்டும்.

இன்னொரு விசயம். புதிதாகப் பழகும் எல்லோரும் கைப்பிடியைப் பிடித்து மேலே இழுப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். தோணிக்குள் நின்றுகொண்டு தோணியைத் தூக்க ஏலாது. நீங்கள் கைப்பிடியை மேலே இழுத்தால் உங்கள் கால் அதே அளவு கீழே அமுக்கும். கணக்குச் சரி. உடம்பு பின்னுக்குப் போவதுதான் வேலை செய்யும், கை வெறும் கயிறு.

பன்னிரண்டாம் நாள் மற்றதைச் சொல்லித் தந்தார். முன் ஸ்பிரிங்கை உடம்பால் ஒருதரம் அமுக்கி, அது திரும்பி நிமிரும் அந்த நொடியில் பின்னுக்குச் சாய வேண்டும். கிளச்சும் பெருவிரலும் அந்த நொடியோடு ஒத்துப்போக வேண்டும். அரைச் செக்கன் முந்தினால் ஸ்பிரிங் இன்னும் கீழே. பிந்தினால் அதன் உதவி முடிந்துவிட்டது. பாரமான முன்பக்கத்தை எஞ்சின் மட்டும் தூக்குவதில்லை. அமுங்கிய ஸ்பிரிங், பின்னுக்குப் போகும் உடம்பு, எஞ்சின் என்ற மூன்றும் ஒரே நேரத்தில் சொன்னால்தான் அது கேட்கும்.

எழும்பியது. ஒரு அடி இருக்கும். உடனே விழுந்தது. இன்னும் மூன்று கிழமையில் மூன்று செக்கன் வரை வந்தது. பருவம் முடியும்போது கொட்டிலின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலை வரை முன் சில்லு நிலத்தில் படாமல் போனேன்.

அது எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நல்லாத்தான் இருந்தது. முன்னால் நிலம் மறைந்து வானம் மட்டும் தெரியும். எஞ்சின் சத்தம் ஒரே சீராக ஓடும். பெருவிரல் ஒரு நெல்மணி அளவு கூடினாலும் குறைந்தாலும் உடம்புக்குத் தெரியும். ஊரை விட்டு, உம்மாவை விட்டு, எட்டுப் பேர் படுக்கும் ஒரு அறையில் கிடந்த எனக்கு அந்த அரை மணித்தியாலம்தான் என்னுடையதாக இருந்தது. "அதில் என்னடா இருக்கு" என்று ஒரு பிள்ளையிடம் நாம் கேட்டால் அவன் மனதுக்குள் சிரிப்பான். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது என்றும் அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாம் சொல்லும் ஒன்றும் அவனுடைய காதில் ஏறாது.

சீலைனில் மற்றப் பக்கத்தையும் பார்த்தேன். கூடாரப் பருவத்தில் ஹமத் ஆஸ்பத்திரிக்காரர்கள் அங்கேயே ஒரு கிளினிக் திறந்து வைப்பார்கள். ஏன் ஒரு கடற்கரைக்கு அம்புலன்சும் டொக்டரும் என்று முதல் மாதம் யோசித்தேன். இரண்டாவது மாதம் யோசிக்கவில்லை. எங்கட கொட்டில் ஆக்கள் இரண்டு தடவை அங்கே ஆள் தூக்கிக்கொண்டு போனோம். ஒன்று, பின்னால் புரண்ட வண்டி நெஞ்சில் விழுந்த ஒரு இளைஞன். மற்றது ஒரு சிறுவன், பதினொன்றோ பன்னிரண்டோ வயது. மேட்டுக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பாய்ந்தவன். அவன் அழவில்லை. கால் எங்கே என்று கேட்டான். கால் இருந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வளவும் மெத்தென்ற மணலில், ஹெல்மட்டோடு, 4 பிஎஸ்ஐ டயரோடு, நாலு சில்லில்.

இப்போது எங்கட ரோட்டுக்கு வருவோம்.

எங்கட பிள்ளைகள் தூக்குவது முன்பாரமான குவாட்டை இல்லை. இலேசான பைக்கையும் ஸ்கூட்டரையும். அது இலகுவில் எழும்பும். அதுதான் ஆபத்தே. எழுப்பப் பழக ஒரு மணித்தியாலம் போதும், இறக்கப் பழக மாதங்கள் வேண்டும். வீடியோவில் எழுப்புவது மட்டும்தான் வரும். பின் பிரேக்கில் கால் வைத்துப் பதினொரு நாள் பழகும் வீடியோவை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பெருவிரல் ரேஸ் என்று சொன்னேன் இல்லையா? பைக்கில் ரேஸ் முறுக்குப்பிடியில் இருக்கிறது. முன்பக்கம் திடீரென்று எழும்பினால் உடம்பு பின்னுக்கு எறியப்படும். பிடித்துக்கொள்ள கை தொங்கும். தொங்கும் கை பிடியை இன்னும் முறுக்கும். ரேஸ் குறைக்க வேண்டிய அதே நொடியில் கூடிவிடும். அவன் வேணுமென்று செய்வதில்லை, உடம்பு செய்கிறது.

நாலு சில்லு வண்டி பக்கவாட்டில் அவ்வளவு சீக்கிரம் சாயாது. இரண்டு சில்லு வண்டி ஒற்றைச் சில்லில் நிற்கும்போது எல்லாப் பக்கமும் சாயும். இறங்கும்போது முன் சில்லு நேராக இல்லாவிட்டால் அது போகும் பக்கத்துக்கு வண்டியும் போகும். அந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார்?

பீச் ரோட்டில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் யார் நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். குர்ஆன் மத்ரசா விட்டு வரும் சின்னப் பிள்ளைகள். பலகாரம் சுடும் பெண்கள். காற்று வாங்க வந்த வயசாளிகள். 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பைக் ஒரு செக்கனில் 11 மீற்றர் போகும். முன் சில்லு தூக்கியிருப்பவனுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது, திருப்பவும் ஏலாது. அந்த 11 மீற்றருக்குள் ஒரு பிள்ளை பந்து எடுக்க ஓடி வந்தால் கதை முடிந்தது. ரோட்டில் கிடக்கும் முள்ளை எடுத்து ஓரத்தில் போடுவதையே நன்மை என்று படித்த சமூகம் நாங்கள். அதே ரோட்டில் எங்கட பிள்ளையே முள்ளாகக் கிடந்தால்?

மெயின் ரோட்டைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கொழும்பிலிருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ 4 வீதி அது. இரவில் தூர பஸ்ஸும் லொறியும் எந்த வேகத்தில் வரும் என்று அந்த ரோட்டோரம் வீடு உள்ளவர்களைக் கேளுங்கள்.

சரி. பட்டியல்.

எனக்குத் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. நான் அதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மூன்று வீட்டுக்கு நடந்து போனேன்.

முதல் வீட்டில் வாப்பா இருந்தார். "சேர், ஓ.எல்.ல நல்ல பாஸ் எடுத்தா வாங்கித் தாறன் எண்டு நான்தான் சொன்ன. சொன்ன சொல்லுக்கு வாங்கிக் குடுத்த. இப்ப எப்படி சேர் பறிக்கிற?" என்றார். பறிக்கச் சொல்லவில்லை காக்கா, பின்னால் ஒருநாள் நீங்களும் ஏறிப் போங்க என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மகனுடைய பைக்கில்தான் இரண்டு பேரும் வந்தார்கள், இரண்டு தலையிலும் ஹெல்மட்.

இரண்டாவது வீட்டில் உம்மா மட்டும். கணவர் குவைத்தில், நாலு வருஷம். கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தார். "அவனுக்கு ஏசலாம் சேர். ஏசினா ராவைக்கி வீட்டுக்கு வாறானில்ல. வாறதே பெரிசு எண்டு வாய மூடிக்கி இரிக்கிறன்." இந்த உம்மாவின் கையில் பொலிஸ் கடிதம் ஒன்றைக் கொடுத்து நாம் எதைத் திருத்தப் போகிறோம்?

மூன்றாவது வீட்டில் பிள்ளையே இருந்தான். கணிதப் பிரிவு, நல்ல கெட்டிக்காரன். கட்டார்க் கதை எங்கேயோ அவனுடைய காதுக்குப் போயிருக்கிறது. "சேர், நீங்க வீல் தூக்கின ஆளாம். எங்களுக்குச் சொல்லித் தாங்களன்" என்றான். நான் பதில் சொல்ல முதல் அவனே சொன்னான்: "ரோட்டுல வேணாம் எண்டு எல்லாரும் சொல்றாங்க. எங்க எண்டு ஒருத்தரும் சொல்றாங்க இல்ல."

இந்தக் கேள்வியை நான் இரண்டு கிழமையாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

"ஒரு மைதானம் கொடுத்தால் சரி" என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு இலேசில்லை. 2024 ஏப்ரல் 21 இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் சுப்பர் குரோஸ் போட்டியில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஒழுங்கான ஓட்டப் பாதை, அனுபவமுள்ள ஓட்டுநர்கள், அப்படியிருந்தும் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் பாய்ந்து ஏழு பேர் மௌத்தானார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளையும் இருந்தது. ஆகவே இடம் மட்டும் போதாது. பார்க்க வருபவர் எங்கே நிற்பது, யார் பொறுப்பு, யார் கொடி காட்டி நிறுத்துவது என்றெல்லாம் யோசிக்காமல் மைதானம் கொடுப்பதும், பீச் ரோட்டை விட்டு வைப்பதும் ஒன்றுதான்.

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்னது இதுதான். ரோட்டில் ஓடும் பைக்கில் முன் சில்லு தூக்க நான் யாருக்கும் சொல்லித் தர மாட்டேன். நேபாளிக்காரர் எனக்குத் தந்த முதல் பதினொரு நாளையும் தருகிறேன். அதற்கு முன் சில்லு எழும்பத் தேவையில்லை.

அவன் கொஞ்சம் ஏமாந்த மாதிரித்தான் இருந்தான். ஆனால் "பதினொரு நாளும் வெறும் பிரேக்கா சேர்?" என்று கேட்டான். ஓம் என்றேன். "வாறன்" என்றான். அடுத்த நாள் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

ஆகவே ஊர் மக்களிடம் என்னுடைய வேண்டுகோள்கள் இவை.

பெற்றோருக்கு: பைக் வாங்கிக் கொடுப்பதற்கு முதல் ஹெல்மட் வாங்குங்கள். லைசன் எடுக்கிற வயது வராத பிள்ளைக்கு எந்தப் பாஸுக்காகவும் வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், மாதத்தில் நாலு தடவையாவது பின்னால் ஏறிப் போங்கள். வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார், கோல் எடுக்கும்போது "படிக்கிறியா" என்று கேட்பதோடு "பிரேக் லைனிங் எப்ப மாத்தின" என்றும் கேளுங்கள். அவன் ஆச்சரியப்படுவான். கதை நீளும்.

கராஜ் வைத்திருக்கும் பாஸ்மாருக்கு: உங்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். முன் ஸ்புரொக்கட்டில் ஒரு பல்லைக் குறைத்துத் தரச் சொல்லி ஒரு பொடியன் வந்தால் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வந்தாலும் தெரியும். அந்த இருநூறு முந்நூறு ரூபாயை விட்டுவிடுங்கள். பின் பிரேக்கை மட்டும் இலவசமாகப் பார்த்துக் கொடுங்கள், அதற்கு அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான்.

வட்ஸ்அப்பில் இருக்கும் எல்லோருக்கும்: வீடியோவைப் பகிராதீர்கள். ஏசிப் பகிர்வதும் பகிர்வதுதான். அந்தப் பிள்ளைகள் எண்ணுவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மட்டும்தான்.

பள்ளி நிர்வாகத்துக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும்: அந்தப் பிள்ளை கேட்ட "எங்க?" என்ற கேள்விக்கு நாம் கூட்டாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பைக்காகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மஃரிபுக்கு முதல் உள்ள அந்த ஒரு மணித்தியாலத்தில் பதினாறு, பதினேழு வயதுப் பொடியன் தன்னுடைய உடம்பின் பலத்தையும் துணிவையும் ஆக்கள் பார்க்கக் காட்டுவதற்கு இந்த ஊரில் எத்தனை இடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு கையில் விரல் மிச்சம்.

பொலிசுக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் கேட்காமல் சனம் நிற்கும் ரோட்டில் தூக்குபவனைப் பிடிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டு கதை இல்லை. ஆனால் அது மூன்றாவது வேலை. வீட்டுக்குப் போவது முதல் வேலை. இடமும் ஒழுங்கும் செய்வது இரண்டாவது வேலை. முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்டு ஆசிரியரிடம் பட்டியலுக்கு வராதீர்கள்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, பாடசாலை மைதானத்தில், அதிபரின் அனுமதியோடு, பிரேக் வகுப்பு நடக்கும். பைக் ஓடாது. ஸ்டாண்டில் போட்ட ஒரு பைக்கும், கரும்பலகையும், நானும் இருப்போம். விசைத் திருப்பம் படிக்கிற ஓ.எல். பிள்ளைகளும் வரலாம், அவர்களுக்குச் சோதனைக்கும் உதவும். வாப்பாமார் வந்தால் இன்னும் சந்தோஷம். ஹெல்மட் இருந்தால் கொண்டுவாருங்கள். சைஸ் சரியா, பட்டி போடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இதுவரை வருவதாகச் சொன்னது ஐந்து பேர். ஐம்பது பேருக்கு இடம் இருக்கிறது.

வஸ்ஸலாம்.